பொறு என்று சொல்லும் கம்பி

போன வாரம் ஒரு கையெழுத்துக்காகப் பழைய ஆபீசுக்கு வந்திருந்தேன். சர்வர் அறை வாசலில் உங்களில் ஒரு தம்பி கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருந்தான். என்னப்பா, யாராவது போய்ச் சேர்ந்துவிட்டார்களா என்று கேட்டேன். "இல்ல மேடம், லிங்க் ஸ்லோவா இருக்கு" என்றான். எவ்வளவு ஸ்லோ என்றதற்கு அவன் சொன்ன எண்ணைக் கேட்டு எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த வேகத்தில், நான் வேலைக்குச் சேர்ந்த காலத்துத் தர்மபுரி மாவட்டம் முழுவதையும் ஆடு மாடு சேர்த்து ஒரே மூச்சில் அனுப்பிவிடலாம். நான் சிரித்தது அவனுக்குப் பிடிக்கவில்லை. அவனிடம் மன்னிப்புக் கேட்கத்தான் இதை எழுத ஆரம்பித்தேன். எழுத எழுத என் தப்பு ஒன்றை ஒப்புக்கொள்வதாக முடிந்திருக்கிறது.

லைன் மொத்தமாகச் செத்துப்போனால் எனக்குப் பயமே கிடையாது. எல்லாரும் எழுந்து ஓடிவருவார்கள், திட்டுவார்கள், சரியாகிவிடும். ஓடிக்கொண்டே தப்புச் செய்கிற லைன்மேல்தான் எனக்குப் பயம். முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தும் அந்தப் பயம் போகவில்லை. போகாததில் எனக்குச் சந்தோஷம்தான்.

அது எண்பதுகளின் பின்பாதி. தர்மபுரி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே மாடியில் ஒரு கம்ப்யூட்டர் கடை. அங்கே நான்தான் சர்வீஸ் ஆள். பாலிடெக்னிக் முடித்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. ரிப்பேருக்குப் பெண்ணையா அனுப்புவீர்கள் என்று யாராவது கேட்டால் எங்கள் முதலாளி, "அந்தப் பொண்ணு தொட்டா மிஷின் பேசும்ங்க" என்று அடித்துவிடுவார். அவர் சொன்ன பொய்யை மெய்யாக்குவதற்கே என் பொழுது சரியாக இருந்தது.

பாப்பிரெட்டிப்பட்டி பக்கம், சித்தேரி மலைக்குக் கீழே, கன்னியாஸ்திரிகள் நடத்திய ஒரு சின்ன ஆஸ்பத்திரி இருந்தது. தொழுநோய்க்கு மருந்து கொடுப்பது அவர்களுடைய முக்கியமான வேலை. வெளிநாட்டிலிருந்து யாரோ நல்ல மனசுக்காரர் இரண்டு வீட்டுக் கம்ப்யூட்டர்களை அவர்களுக்கு அனுப்பியிருந்தார். இன்று நீங்கள் பார்த்தால் கீபோர்டு மட்டும் இருக்கிறதே, கம்ப்யூட்டர் எங்கே என்று தேடுவீர்கள். கீபோர்டுக்கு உள்ளேதான் முழுக் கம்ப்யூட்டரும் இருக்கும். டிவியில் செருகினால் அது திரை. விவரங்களைப் பாட்டு கேட்கிற டேப் ரெக்கார்டரில் கேசட் போட்டுச் சேமிக்க வேண்டும்.

ஒரு கம்ப்யூட்டர் பதிவு அறையில் இருந்தது. இன்னொன்று முற்றத்துக்கு அந்தப்பக்கம் மருந்து அறையில், பிரிண்டரோடு. பதிவு அறையில் தட்டிய பட்டியலைக் கேசட்டில் ஏற்றி மருந்து அறைக்குக் கொண்டுபோனால், அங்கே இருந்த ரெக்கார்டர் பாதி நாள் அதைப் படிக்காது. பொறுப்பாளராக இருந்த சிஸ்டர் எங்கள் கடைக்கு வந்து, ரெண்டையும் ஒரு ஒயர் போட்டுச் சேர்க்க முடியுமா என்று கேட்டார். முதலாளி முடியும் என்று சொல்லி அனுப்பிவிட்டுத்தான் முடியுமா என்று என்னைக் கேட்டார்.

முடியும்தான். இரண்டின் முதுகிலும் சீரியல் போர்ட் இருந்தது. ஒற்றை வரிசையாக, எழுத்துக்குப் பின் எழுத்தாக வெளியே போகும் வாசல் அது. அதற்கு ஒரு வேகம் வைக்க வேண்டும். முந்நூறு என்று வைத்தால் ஒரு நொடிக்கு முப்பது எழுத்து போகும். ஆயிரத்து இருநூறு என்றால் நூற்றிருபது. அதிகபட்சம் ஒன்பதாயிரத்து அறுநூறு. வாசலில் மூன்று கம்பி அவசியம்: பேச ஒன்று, கேட்க ஒன்று, தரைக்கு ஒன்று. இன்னும் இரண்டு கம்பியும் உண்டு. வாங்குகிற கம்ப்யூட்டர், "கொஞ்சம் பொறு, கை வேலையாக இருக்கிறேன்" என்று அனுப்புகிறவருக்குச் சொல்வதற்கு அவை. கடையில் இருந்தது மூன்று கம்பி ஒயர். ஐந்து கம்பி வேண்டுமென்றால் சேலத்துக்குப் போக வேண்டும். "மூணு போதும் மேரி, ஆபத்துக்குப் பாவமில்ல" என்றார் முதலாளி. ஆபத்து எதுவும் இல்லாத நேரத்தில் சொன்னார். நானும் தலையாட்டினேன். மூன்று கம்பியோடு ஓட்டினால் முந்நூறுக்கு மேல் போகாதே என்று மேனுவலில் பொடி எழுத்தில் போட்டிருந்தது. அதை நான் படித்தேன். படிக்கவில்லை என்று சொல்லித் தப்பிக்க மாட்டேன்.

ஒரு புதன்கிழமை காலையில் ஒயரைச் சுருட்டித் தோளில் மாட்டிக்கொண்டு போய் இறங்கினேன். வேலையைத் தொடங்கும் முன் சிஸ்டர் என்னை உட்காரவைத்துப் பதிவேட்டைக் காட்டினார். அங்கே நோயாளிகளுக்குப் பெயர் கிடையாது, எண்தான். விஷயம் வெளியே தெரிந்தால் ஊரில் பொதுக்குழாயில் தண்ணீர் பிடிக்க விட மாட்டார்கள், வீட்டில் இருக்கிற பெண்ணைக் கட்டிக்கொள்ள ஆள் வராது. அதனால் ஆளுக்கு ஒரு அட்டை, அட்டையில் ஒரு எண், அவ்வளவுதான். மாதம் ஒரு நாள் சுகாதார ஊழியர் ஒருவர் ஒவ்வொரு பகுதிக்கும் பஸ்ஸில் போய் ஒரு மரத்தடியில் உட்காருவார். அட்டையைக் காட்டினால், அதே எண்ணும் மாத்திரை விவரமும் எழுதி ஒட்டிய காக்கிக் கவரைக் கொடுப்பார். முதல் வேளை மாத்திரைகளை அவர் கண்ணெதிரே முழுங்கிவிட்டுத்தான் போக வேண்டும். அதில் விட்டுக்கொடுப்பதே கிடையாது.

எண்கள் ஆயிரத்தைத் தாண்டி வெகுநாள் ஆகியிருந்தது. அதனால் அங்கே வாய்ப்பேச்சில் யாரும் ஆயிரத்தைச் சொல்வதில்லை. 1340 என்றால் "முன்னூத்தி நாப்பது" என்பார்கள். பழைய மூன்று இலக்க எண்காரர்கள் குணமாகிப் போய்விட்டார்கள், நோய் திரும்பி வந்த நாலு பேரைத் தவிர. அந்த நாலு பேரில் ஒருவர் எண் 127. மலையடிவாரத்தில் புளி கொட்டை நீக்கும் வேலை செய்கிற பெண். பெயரும் எனக்குத் தெரியும், சொல்ல மாட்டேன். பதிவேட்டில் அவர் எண்ணுக்கு நேரே சிவப்பு மையில் கோடு போட்டிருந்தது.

"இவங்களுக்கு வெள்ளை மாத்திரை ஆகாது" என்றார் சிஸ்டர். "போன வருஷம் அது ஒத்துக்காம உடம்பு பூரா தோல் உரிஞ்சு ரெண்டு மாசம் இங்கதான் கிடந்தாங்க. பொழைச்சது ஆண்டவர் புண்ணியம். இன்னொரு தடவை உள்ள போச்சுன்னா என்னால காப்பாத்த முடியாது. பட்டியல்ல வேற எது தப்பானாலும் சமாளிச்சுக்குவேன் மேரி. இது மட்டும் மாறக் கூடாது."

மாறாது சிஸ்டர் என்றேன். எவ்வளவு சுலபமாக அந்த வார்த்தை வாயில் வந்தது என்று நினைத்தால் இப்போதும் எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

முற்றத்தின் குறுக்கே ஒயரை இழுத்து இரண்டு பக்கமும் செருகினேன். முதலில் ஒன்பதாயிரத்து அறுநூறில் வைத்துப் பார்த்தேன், திரை முழுக்கக் குப்பை கொட்டியது. பாதியாகக் குறைத்தேன், அப்போதும் குப்பை. இன்னும் குறைத்து ஆயிரத்து இருநூறுக்கு வந்ததும் சுத்தமாக வந்தது. அங்கேயே நின்றுவிட்டேன். முந்நூறில் வைத்தால் மொத்தப் பட்டியலும் போக எட்டு நிமிஷம் ஆகும். ஆயிரத்து இருநூறில் இரண்டே நிமிஷம். ஆறு நிமிஷம் மிச்சம். யாருக்கு மிச்சம் என்று நான் யோசிக்கவில்லை.

சோதனைக்கு என்ன அனுப்பலாம் என்று கேட்டேன். சிஸ்டருக்கு உற்சாகமாகிவிட்டது. பன்னிரண்டு அப்போஸ்தலர்களின் பெயரைத் தட்டச் சொன்னார். இராயப்பர் என்கிற பேதுருவிலிருந்து ஆரம்பித்து வரிக்கு ஒருவராகத் தட்டினேன். கடைசியில் யூதாசைப் போடுவதா என்று கை நின்றது. "அவனையும் போடு. அவன் ஒழுங்கா வந்து சேர்ந்தாத்தான் இந்த மிஷினை நான் நம்புவேன்" என்றார். பன்னிரண்டு பேரும் முற்றத்தைக் கடந்து பத்திரமாக வந்து சேர்ந்தார்கள், யூதாஸ் உட்பட. சிஸ்டர் கை தட்டினார்.

பிறகு நோயாளிகளின் பட்டியலை அனுப்பினேன். மருந்து அறையில் நின்று நான் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன், திரையைப் பார்க்கவில்லை. இரண்டு நிமிஷத்தில் முடிந்தது. அந்தப் பக்கம் அறுநூற்றுப் பன்னிரண்டு வரி போனது, இந்தப் பக்கம் அறுநூற்றுப் பன்னிரண்டு வரி வந்தது. பிரிண்டர் லேபிள்களை அடிக்க ஆரம்பித்ததும் முதல் தாளை எடுத்துப் பார்த்தேன், எல்லாம் சரியாக இருந்தது. நாலு மணி பஸ்ஸைப் பிடிக்க ஓடிவிட்டேன். ஊழியரான சரோஜாக்கா, மறுநாள் தான் எடுத்துப்போக வேண்டிய லேபிள்களுக்காகக் காத்திருந்தார். "பரவால்ல மேரி, கையில எழுதி எழுதி விரல் காச்சுப் போச்சு" என்று சிரித்து அனுப்பினார்.

மறுநாள் வியாழன். கடையிலும் இதே மாதிரி ஒரு டெமோ வைத்தால் நாலு பேர் வந்து கேட்பார்கள் என்று முதலாளிக்கு ஆசை. அதே ரகத்தில் இரண்டு கம்ப்யூட்டர் கடையில் இருந்தது. மூன்று கம்பி ஒயர், ஆயிரத்து இருநூறு வேகம். எங்களிடம் படிக்கிற மாணவர்களின் பெயர்களை, நாற்பது பேர், இங்கிலீஷ் எழுத்தில் தட்டி அனுப்பினேன். இந்த முறை திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இருபத்து நாலு பெயர்கள் அழகாக இறங்கின. இருபத்தைந்தாவது பெயரில் மாதையன் தலையிழந்து ஆதையன் ஆனார். அடுத்தவருக்கும் முதல் எழுத்து இல்லை. அதற்கடுத்தவருக்கும் இல்லை. கடைசி வரைக்கும் அப்படியே.

காரணம் புரிய ரொம்ப நேரம் ஆகவில்லை. டிவித் திரையில் இருபத்து நாலு வரிதான் பிடிக்கும். திரை நிறைந்த பிறகு ஒவ்வொரு புது வரிக்கும் பழைய வரிகளையெல்லாம் ஒரு படி மேலே தள்ள வேண்டும். அந்தத் தள்ளுகிற நேரம் கண் இமைக்கிற நேரத்தைவிடக் குறைவுதான். ஆனால் அந்த நேரத்தில் அந்தக் கம்ப்யூட்டர் காதைப் பொத்திக்கொள்ளும். ஒன்பதாயிரத்து அறுநூறில் அதற்குள் நிறைய எழுத்து தொலைந்துவிடும், யார் பார்த்தாலும் கண்டுபிடித்துவிடலாம். முந்நூறில் எதுவுமே தொலையாது. ஆயிரத்து இருநூறில் சரியாக ஒரே ஒரு எழுத்து தொலையும், வரியின் முதல் எழுத்து. பொறு என்று சொல்லியிருக்க வேண்டிய கம்பியை நான் போடவே இல்லை. நான் சோதித்ததோ பன்னிரண்டு பேரை. ஆண்டவருக்கு இருபத்தைந்து சீடர்கள் இருந்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும்.

"ஒரு எழுத்துதானே? ஆளு யாருன்னு தெரியுதில்ல" என்றார் முதலாளி.

"பேருன்னா தெரியுங்க சார். அங்க போனது நம்பருங்க."

சொல்லி முடிக்கும்போதே எனக்கு வியர்த்துவிட்டது. 1127 என்ற எண் 127 ஆகியிருக்கும். நிஜமான 127 என்ற எண் 27 ஆகியிருக்கும். பட்டியல் ஊர்வாரியாக இருந்ததால் மலையடிவாரத்துக்காரர்கள் எல்லாரும் இருபத்து நாலாவது வரிக்கு அப்புறம்தான் வருவார்கள். 1127 என்ற அட்டைக்காரரும் அதே மலையடிவாரம்தான், அவருக்கு வெள்ளை மாத்திரை உண்டு என்று பதிவேட்டில் பார்த்திருந்தேன். அவர் கவரின்மேல் இப்போது 127 என்று ஒட்டியிருக்கும். மலையடிவாரத்துக்குச் சரோஜாக்கா போகிற நாள் வியாழன்.

ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டோம். மழையில் செத்த லைன், மணியே போகவில்லை. நான் பையை எடுத்தேன்.

"இரு மேரி" என்றார் முதலாளி. "மொதல்ல ஆஸ்பத்திரிக்குப் போயி லேபிளைப் பார்த்து நிச்சயம் பண்ணிக்க. ஒண்ணுமில்லாததுக்கு ஊரைக் கூட்டாத. நம்ம கடை பேரு இருக்குது."

கெட்ட மனுஷன் இல்லை அவர். அந்த யோசனையில் நியாயமும் இருந்தது. அதனால்தான் பஸ்ஸில் பாதி வழி வரை நானும் அப்படியே செய்வது என்றுதான் இருந்தேன். ஆஸ்பத்திரியில் கம்ப்யூட்டர் இருக்கிறது, லேபிள் தாளின் மிச்சம் இருக்கும், பார்த்தால் தெரிந்துவிடும். சந்தேகம் பொய்யாகிப் போனால் யாருக்கும் தெரியாமல் திரும்பிவிடலாம். பெண்ணை அனுப்பினால் இப்படித்தான் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அந்த ஆசை சின்ன ஆசை இல்லை, உங்களுக்கும் வரும்.

ஆஸ்பத்திரி நிறுத்தத்தில் பஸ் நின்றது. "எறங்கறீங்களாம்மா?" என்று கண்டக்டர் கேட்டார். வாசலில் வேப்பமரத்தடியில் சைக்கிள்கள் நிற்பதுகூடத் தெரிந்தது. இறங்கினால் பார்த்து, விளக்கி, நிச்சயம் பண்ணிக்கொள்ள அரை மணி நேரம். அடுத்த பஸ் ஒரு மணி நேரம் கழித்து. என் சந்தேகம் சரியா தப்பா என்பது இந்த நிறுத்தத்தில் தெரியும். அந்த மாத்திரை இருப்பது அடுத்த நிறுத்தத்தில். தப்பை நிரூபிக்கிற இடமும் தப்பைத் தடுக்கிற இடமும் ஒன்றாக இருந்தால் நல்லதுதான், ஆனால் அன்றைக்கு அவை இரண்டு வெவ்வேறு நிறுத்தங்கள். "இல்லீங்க, அடிவாரம் வரைக்கும் ஒரு டிக்கெட்" என்றேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா என்ன நினைத்தாரோ, கூடையிலிருந்து ஒரு கொய்யாப் பழம் எடுத்துக் கொடுத்தார். வாங்கிக்கொண்டேன். சாப்பிட முடியவில்லை.

அடிவாரத்தில் இறங்கியதும் புளியமரத்தடியில் சரோஜாக்காவின் வெள்ளைச் சேலை தெரிந்தது. கூட்டம் முக்கால்வாசி கலைந்திருந்தது. பக்கத்திலே ஒரு கல்லின்மேல் நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் காக்கிக் கவரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் விரல்களில் புளிக் கறை. சரோஜாக்கா அவரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார் என்பது தூரத்திலிருந்தே தெரிந்தது.

"அக்கா, கொடுக்காதீங்க, நிறுத்துங்க" என்று சொல்லிக்கொண்டே போனேன்.

"வா மேரி. நீயே சொல்லு இவங்களுக்கு" என்றார் சரோஜாக்கா. "ரெண்டு மணி நேரமா உக்காந்திருக்கறாங்க. மாத்திரைய முழுங்க மாட்டேங்கறாங்க. கேட்டா ஒருபொழுதாம். வியாழக்கிழமை என்ன ஒருபொழுது? தீர்த்தமலை சாமிக்கு வேண்டுதலாம், பொழுது எறங்காம பச்சத்தண்ணி கூட வாயில வெக்க மாட்டாங்களாம். சாமி விசயத்துல நான் என்ன சொல்றது?"

"இவங்க நம்பர் என்னங்கக்கா?"

"நூத்தி இருவத்தேழு."

அந்தப் பெண் என்னை ஏற இறங்கப் பார்த்தார். நான் அவர் முன் மண்ணில் உட்கார்ந்தேன். கவரைக் காட்டச் சொன்னேன். உள்ளே வெள்ளை மாத்திரை இருந்தது. எல்லாமே ஒழுங்காக, மாதத்துக்குச் சரியாக எண்ணிப் போடப்பட்டிருந்தன. எண்ணிப் போட்டதில் ஒரு தப்பும் இல்லை. லேபிளில் இருந்த எண்தான் வேறு ஆளுடையது.

"இன்னும் ஒண்ணுகூட முழுங்கலையே நீங்க?"

"இல்லீங்க."

அழுதுவிட்டேன். வெட்கமில்லாமல், புளியமரத்தடியில், மூக்கைத் துடைத்துக்கொண்டு. சரோஜாக்கா பதறிப்போய் என்ன, என்ன என்று கேட்டார். சொன்னேன். அவர் முகம் வெளுத்துவிட்டது. மூன்று மாதம் முன்புதான் அவரைக் காரிமங்கலம் பக்கத்திலிருந்து இந்தப் பாதைக்கு மாற்றியிருந்தார்கள். 127-க்கு எது ஆகாது என்று அவருக்குச் சொல்லப்பட்டிருந்தது. ஆனால் கவரில் வெள்ளை மாத்திரை என்று லேபிள் சொன்னதும், சிஸ்டர்தான் மருந்தை மாற்றிவிட்டார் போல என்று நினைத்துக்கொண்டார்.

"லேபிள்ல நம்பரெல்லாம் மூணு இலக்கமா வந்துதே, உங்களுக்குச் சந்தேகம் வரலையாக்கா?"

"மொத தாள்ல முழுசா இருந்துச்சு, அப்புறம் ஆயிரத்த உட்டுட்டு வந்துச்சு. நாமளும் அப்பிடித்தான சொல்றோம்? சரி, கம்ப்யூட்டருக்கும் நம்ம பழக்கம் வந்துருச்சுன்னு நெனச்சேன்" என்றார்.

இதைக் கேட்டு எனக்குக் கோபம் வரவில்லை. மிஷின் செய்த தப்பு, அங்கே இருந்த மனுஷர்களின் பழக்கத்தோடு அப்படியே பொருந்திப்போயிருந்தது. ஆயிரத்தைச் சேர்த்தே படித்துப் பழகியிருந்ததால், அன்றைக்கு மரத்தடிக்கு வந்த மற்ற எல்லாருக்கும் அவரவர் மருந்துதான் போய்ச் சேர்ந்திருந்தது. பழைய எண்காரர்களில் மீதி மூன்று பேருக்கு நாள் இன்னும் வரவில்லை. மொத்தத்தில் தப்பு நடந்திருக்க வேண்டியது ஒரே ஒரு ஆளுக்கு, அவர் என் எதிரில் கல்லின்மேல் உட்கார்ந்திருந்தார்.

சரோஜாக்கா பையைக் கொட்டினார். யாருக்கும் சேராத ஒரு கவர் அடியில் கிடந்தது. 27 என்று ஒட்டியிருந்தது. பேனாவை எடுத்து முன்னால் ஒன்று என்று எழுதினேன். அந்தப் பெண் கவரை வாங்கிப் பிரித்தார், மாத்திரைகளை உள்ளங்கையில் கொட்டி ஒவ்வொன்றாக வெயிலுக்குத் திருப்பிப் பார்த்தார். வெள்ளை இல்லை. உடனே முதல் வேளையை வாயில் போட்டு, சரோஜாக்காவின் பாட்டில் தண்ணீரை வாங்கிக் குடித்தார்.

"ஒருபொழுதுன்னு சொன்னீங்க?" என்றார் சரோஜாக்கா.

"இப்ப முடிஞ்சிருச்சுங்கக்கா."

சரோஜாக்காவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். அந்தப் பெண் என் பக்கம் திரும்பி மெதுவாகச் சொன்னார்: "படிப்புத் தெரியாதுங்க எனக்கு. மாத்திரையோட நெறம் தெரியும். இது ஆவாதுன்னு சொன்னா, கம்ப்யூட்டர் பாத்துப் போட்டது, உனக்கென்ன தெரியும்னு சண்டை வரும். சாமின்னு சொன்னா யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க. பொழுது எறங்கறதுக்குள்ள யாராச்சும் வருவாங்கன்னு இருந்தேன்."

அதன் பிறகு நான் முதல் கவரில் ஆயிரத்தைச் சேர்த்து 1127 என்று எழுதி, அதுவரை வராமலிருந்த அந்த அட்டைக்காரர் வந்ததும் கொடுத்துவிட்டு, சரோஜாக்காவோடு ஆஸ்பத்திரிக்குத் திரும்பினேன். சிஸ்டரிடம் எதையும் மறைக்கவில்லை. மூன்று கம்பி, மேனுவலின் பொடி எழுத்து, ஆறு நிமிஷம், பன்னிரண்டு அப்போஸ்தலர்கள், எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பதிவேட்டைத் திறந்து அந்தச் சிவப்புக் கோட்டின்மேல் விரலை வைத்தார். திட்டினால் தேவலை என்று இருந்தது எனக்கு.

"மேரி, வேகமா வேணும்னு நான் கேட்டேனா?"

"இல்ல சிஸ்டர்."

"எட்டு நிமிஷத்துல பாதி ஜெபமாலை சொல்லி முடிச்சுடுவேன் நான். எனக்கு என்ன அவசரம்?"

அவ்வளவுதான் சொன்னார். சனிக்கிழமை சேலத்துக்குப் போய் ஐந்து கம்பி ஒயர் வாங்கிவந்தேன். வேகத்தை முந்நூறுக்கு இறக்கினேன். பழைய எண்களுக்கு முன்னால் சுழியம் போட்டு எல்லா எண்ணையும் நாலு இலக்கமாக்கினேன், மூன்று இலக்கம் வந்தால் பிரிண்டர் அடிக்காமல் நிற்கும்படி செய்தேன். சோதனைக்கு பைபிளில் இருக்கிற பெயர்களையெல்லாம் சிஸ்டர் சொல்லச் சொல்லத் தட்டினேன், நூறு வரி, ஆபிரகாமிலிருந்து. நூறு பேரும் தலையோடு வந்து சேர்ந்தார்கள். அதைப் பார்த்துவிட்டுத்தான் இரண்டு நாளாகப் போகாத மூச்சு எனக்கு வெளியே போனது.

இப்போது உங்கள் லிங்குகளில் பொறு என்று சொல்வதற்கு ஆயிரம் வழி இருக்கிறது, எல்லாம் தானாகவே நடக்கிறது. அதனால் அந்தக் கம்பியைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டாம். ஆனால் எங்கேயாவது ஒரு மூலையில், உங்கள் வேலையை வாங்கிக்கொள்கிற மனுஷர் ஒருவர் இருப்பார். இது எனக்கு ஆகாது, கொஞ்சம் நிறுத்து என்று சொல்ல அவருக்கு வழி விட்டிருக்கிறீர்களா என்று மட்டும் பாருங்கள். நான் விடவில்லை. அந்தப் பெண் இல்லாத கம்பியைத் தானே இழுத்துக்கொண்டார், அதனால்தான் நான் இதை உங்களுக்குச் சிரித்துக்கொண்டு எழுத முடிகிறது.

அடுத்த மாதம் வியாழக்கிழமை சரோஜாக்காவோடு நானும் அடிவாரத்துக்குப் போனேன். யாரும் போகச் சொல்லவில்லை. 127 வந்தார். லேபிளில் 0127 என்று இருந்தது. கவரைப் பிரித்து, மாத்திரைகளை உள்ளங்கையில் கொட்டி, வெயிலுக்குத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நான் மூச்சு விடாமல் நின்றேன். கடைசியில் நிமிர்ந்து என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"இன்னைக்கு ஒருபொழுது இருக்க வேண்டியதில்லீங்களே?"

"வேண்டாங்க" என்றேன். "சாப்பிடுங்க."